வடிவக்காவின் ஸ்டாண்டும் காயாத தட்டுகளும்

பூவலங்குறிச்சி பஸ் நிறுத்தத்தில் ஆவுடையப்பன், சங்கிலி, தங்கப்பழம் என்று மூன்று பேர் கூட்டாகச் சாப்பாட்டுக் கடை நடத்தி வந்தார்கள். மூன்று பேருக்குமே சமைக்கத் தெரியாது. எவனாவது ஒருவனுக்குத் தெரிந்திருந்தால் நீ பெரியவனா நான் பெரியவனா என்று சண்டை வந்திருக்கும். ஒருத்தனுக்கும் தெரியாததால் கடை ஒற்றுமையாக நடந்தது.

சமைத்தது வடிவக்கா. முழுப்பெயர் செண்பகவடிவு. அவள் வைக்கிற சாம்பாருக்காகவே தென்காசி பஸ் இங்கே கொஞ்சம் கூடுதலாக நிற்கும். பக்கத்துக் கடையில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிற எனக்கும் மூன்று வேளையும் அங்கேதான் சாப்பாடு. அவள் போய்விட்டால் அந்தக் கடையில் மிச்சம் இருப்பது மூன்று மடையர்களும் ஒரு கல்லாப்பெட்டியும்தான். இது அவர்களுக்கும் தெரியும். அவர்களுக்குத் தெரிந்த விஷயமே இது ஒன்றுதான் என்றுகூடச் சொல்லலாம்.

தட்டுகளைக் கழுவி ஒன்றன் மேல் ஒன்றாக அப்படியே அடுக்கி வைப்பது அவர்கள் வழக்கம். ஈரம் உள்ளேயே தங்கி ஒரு வாடை வரும். ஒரு நாள் கண்டக்டர் முருகையா தட்டை மோந்து பார்த்துவிட்டு, "யக்கா, சாம்பார் மணக்கு. தட்டுதான் நாறுது" என்று சொல்லிவிட்டார். வடிவக்காவுக்கு அவமானம் தாங்கவில்லை. மறுநாளே தென்காசி போய் பாத்திரம் வடியவைக்கிற ஸ்டாண்டு ஒன்றை வாங்கிவந்து கடையில் வைத்தாள்.

நல்ல ஸ்டாண்டு, குறை சொல்லக்கூடாது. தட்டுகளைச் செங்குத்தாக நிறுத்த வரிசையாகக் கம்பிகள், ஓரத்தில் டம்ளர் கவிழ்க்க ஒரு கூடை, வடிகிற தண்ணீரைப் பிடிக்க அடியில் ஒரு தட்டம், அந்தத் தண்ணீரைச் சிங்க்கில் விட ஒரு மூக்கு. இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் நீளும், தள்ளினால் சுருங்கும். தங்கப்பழம் அதை இழுத்தான், தள்ளினான், மறுபடி இழுத்தான். பிறகு காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஆர்மோனியம் ரிப்பேரா இருக்குக்கா, சத்தமே வரல" என்றான்.

அன்றைக்கு வடிவக்கா தன் தம்பி வீட்டுக் காதுகுத்துக்குப் போக வேண்டியிருந்தது. மத்தியானப் பந்தி முடிந்ததும் சாயங்காலத்துக்கு இட்லி அவித்து, சாம்பார் வைத்து மூடிவிட்டு, மூன்று பேரையும் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"நல்லாக் கேட்டுக்கிடுங்க. ஸ்டாண்ட மேடைக்குத் தக்கன இழுத்து வச்சுக்கிடுங்க. வடியிற தண்ணி சிங்க்குலதான் விழணும், தரையில ஒரு சொட்டு விழப்படாது. கழுவின தட்டக் கழுவாத கையால தொடப்படாது. காயாம ஒரு தட்டையும் ஸ்டாண்ட விட்டு எடுக்கப்படாது. நாளைக்கு நான் வந்து பாக்கையில ஒரு சொட்டு ஈரம் இருந்துச்சுன்னா, அடுத்த பஸ்ஸுல ஏறி எம்மவ வீட்டோட போயிருவேன். பெறவு நீங்களே ஆக்கித் தின்னுங்க."

கடைசி வார்த்தையைக் கேட்டதும் மூன்று பேரும் அவசரமாகத் தலையாட்டினார்கள். தாங்களே ஆக்கியதை அவர்கள் ஒரு தடவை தின்று பார்த்திருக்கிறார்கள்.

பஸ் புறப்பட்டதும் வேலையில் இறங்கினார்கள். மேடை மேலிருந்த அடுப்பையும் உப்பு ஜாடியையும் தூக்கித் தரையில் வைத்துவிட்டு ஸ்டாண்டை இழுத்தார்கள். அது நீண்டுகொண்டே போய் ஒரு இடத்தில் நின்றுவிட்டது. மேடையில் இன்னும் ஒரு சாண் இடம் பாக்கி இருந்தது.

"மேடைக்குத் தக்கனன்னுல்லா அக்கா சொல்லிச்சு?" என்றான் சங்கிலி. "ஒரு சாண் குறையுதே."

ஆவுடையப்பன் மூத்தவன். எதையும் யோசித்துத்தான் பேசுவான். "ஸ்டாண்டு தன்னால முடிஞ்ச மட்டும் நீண்டுட்டு" என்றான். "இனி மேடைதான் கொஞ்சம் சுருங்கித் தரணும்."

பேச்சில் நியாயம் இருப்பதாக மற்ற இருவருக்கும் பட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடப்பைக்கல் மேடையைத் தள்ளினார்கள். கல் அசையவில்லை.

"எப்படிலே சுருங்கும்? ரெண்டு பேரும் ஒரே பக்கமா நின்னு தள்ளுதீங்க. ஸ்டாண்ட அப்படியா தள்ளுனோம்?" என்று ஆவுடையப்பன் கண்டித்தான். ஆளுக்கொரு பக்கமாக நின்று மறுபடி தள்ளினார்கள். கல் சுருங்கவில்லை. சங்கிலிக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

"பழைய மேடை. அந்தக் காலத்துல இந்த வசதியெல்லாம் வைக்கல" என்று ஆவுடையப்பன் ஆறுதல் சொன்னான்.

தங்கப்பழம் போய் ஒரு தண்ணீர்க் குடத்தைத் தூக்கிவந்து அந்தப் பாக்கி இடத்தில் வைத்தான். பாக்கி இடம் இல்லாமல் போயிற்று. மற்ற இருவரும் வாயைப் பிளந்தார்கள். அன்று முழுவதும் அவனை யாரும் "ஏலே" என்று கூப்பிடவில்லை.

தட்டுகளைத் தேய்த்துக் கழுவி, கம்பிக்கு ஒன்றாக நிறுத்தினார்கள். தண்ணீர் தட்டத்தில் இறங்கி, மூக்கு வழியாகச் சிங்க்கில் விழுந்தது. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இனி காய்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

"எப்படித் தெரியும்?"

"தொட்டுப் பாத்தாத் தெரியும்."

"கழுவாத கையால தொடப்படாது, ஞாபகம் இருக்கா?"

சங்கிலி முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, சொட்டச் சொட்ட ஒரு தட்டைத் தொட்டான். "ஈரமா இருக்கு" என்றான்.

கொஞ்ச நேரம் பொறுத்து ஆவுடையப்பன் கை கழுவிக்கொண்டு வந்து தொட்டான். ஈரம். தங்கப்பழமும் கழுவிக்கொண்டு வந்து தொட்டான். அவனுக்கும் ஈரம்.

"ஒருத்தன் சொன்னா பொய்யா இருக்கலாம்" என்றான் ஆவுடையப்பன். "மூணு பேரும் தனித்தனியாத் தொட்டு மூணு பேருக்கும் ஈரம்னா, அது ஈரம்தான்."

வெயில் சாய ஆரம்பித்தது. போய்க் கழுவுவதும் வந்து தொடுவதுமாக மூன்று பேரும் சிங்க்குக்கும் ஸ்டாண்டுக்கும் நடையாய் நடந்தார்கள். ஒரு தட்டுகூடக் காயவில்லை. கடைசியில் அடுப்பங்கரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து கூடிப் பேசினார்கள்.

"மத்தியானத்துல இருந்து நாம ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தல. பெறவு ஈரம் எங்கன இருந்து வருது?"

"வெளிய இருந்து வரலேன்னா உள்ள இருந்துதான் வரணும்."

"அப்போ தட்டுக்கு வேர்க்குது."

"சித்திரை மாசம்லா. நமக்கே இப்படி வேர்க்கு."

"நாம சட்டையக் கழட்டிப் போட்டோம். அது பாவம், எதக் கழட்டும்?"

மூன்று பேருக்கும் மனசு இளகிவிட்டது. பனையோலை விசிறியை எடுத்து மாற்றி மாற்றி விசிறினார்கள். கை கடுக்க விசிறிவிட்டு, கையை நன்றாகக் கழுவிக்கொண்டு போய்த் தொட்டுப் பார்த்தார்கள். ஈரம்.

"இது வெயில்ல வாற வேர்வை இல்ல. பயத்துல வருது" என்றான் தங்கப்பழம். "அக்கா போயிருமோன்னு தட்டுக்கும் பயம்." சொல்லும்போதே அவன் கண் கலங்கிவிட்டது. ஒவ்வொரு தட்டாகப் பார்த்து, "பயப்படாதீங்க, அக்கா போகாது" என்று சொல்லிக்கொண்டே போனான். அவனுக்கு அம்மா இல்லை. காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுத்தது வடிவக்காதான். அதனால் இந்த இடத்தில் நான் அவனைக் கேலி செய்யப்போவதில்லை.

அந்த நேரம் பார்த்துக் கண்டக்டர் முருகையா உள்ளே வந்தார். "நாலு இட்லி வைங்கடே. பஸ்ஸ எடுக்கணும்."

"தட்டு ஸ்டாண்டுல இருக்கு அண்ணாச்சி" என்றான் ஆவுடையப்பன்.

"எடுத்துட்டு வா."

"காயாம எடுக்கப்படாது."

"அப்போ நான் பட்டினியாப் போகவா?"

நியாயமான கேள்விதான். சங்கிலிதான் வழி கண்டுபிடித்தான். "தட்ட எடுக்கப்படாதுன்னுதான அக்கா சொல்லிச்சு? அதுல இட்லி போடப்படாதுன்னு சொல்லலையே!"

கண்டக்டரை அடுப்பங்கரைக்குள் கூட்டிக்கொண்டு போய் ஸ்டாண்டுக்கு முன்னால் நிறுத்தினார்கள். செங்குத்தாக நின்ற தட்டில் சங்கிலி இட்லியை வைத்தான். அது வழுக்கிக்கொண்டு கீழே போயிற்று. அடுத்த இட்லியை இரண்டு தட்டுக்கு நடுவில் செருகினான். கெட்டியாக நின்றது. நாலையும் அப்படியே செருகிவிட்டு, மேலே ரெண்டு கரண்டி சாம்பாரைத் தாராளமாக ஊற்றினான்.

சாம்பார் தட்டில் வழிந்து, தட்டத்தில் இறங்கி, மூக்கு வழியாகப் போய்ச் சிங்க்கில் விழுந்தது.

"பாத்தியளா!" என்றான் சங்கிலி பெருமையாக. "ஒரு சொட்டு தரையில விழுந்துச்சா? அக்கா சொன்னபடி வடியுது!"

முருகையா ஒரு இட்லியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "சாம்பார் எங்கடே?" என்று கேட்டார்.

"சிங்க்குல இருக்கு அண்ணாச்சி. ஊத்திட்டோம்."

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார். முருகையா நாலு இட்லியையும் வெறுமனே வாயில் அடைத்துக்கொண்டு ஓடினார். சாம்பார் பட்ட தட்டுகளை மூன்று பேரும் ஸ்டாண்டை விட்டு எடுக்காமலே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார்கள். நான் எட்டிப் பார்த்துவிட்டு, அன்றைக்குப் பன்னும் டீயும் போதும் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலையில் வடிவக்கா வருகிற பஸ் திருப்பத்தில் தெரிந்ததும், மூன்று பேருக்கும் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று தோன்றியது. அவசரம் அவசரமாகக் கை கழுவிக்கொண்டு, ஒரு தட்டைக்கூட விடாமல் முன்பக்கமும் பின்பக்கமும் தடவிப் பார்த்தார்கள்.

வடிவக்கா பையைக் கீழே வைக்காமலே உள்ளே வந்து தட்டைத் தொட்டாள். கையில் தண்ணீர் ஒட்டியது. அடுத்ததைத் தொட்டாள். அதிலும் தண்ணீர். "ராத்திரி பூராவும் இருந்தும் காயலையாலே?" என்றாள்.

நடந்ததையெல்லாம் வேர்வை, பயம் உட்பட ஆவுடையப்பன் விவரமாகச் சொன்னான். வடிவக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "கூறுகெட்ட மூதிகளா, கையத் துண்டால தொடச்சிட்டுத் தொட்டா என்ன?"

"அதையும் யோசிச்சோம்க்கா" என்றான் ஆவுடையப்பன். "கையத் தொடச்சா துண்டு நனையும். நனைஞ்ச துண்டக் காயப் போடணும். ஸ்டாண்டுல இடம் இல்ல."

வடிவக்கா பையோடு வாசலைப் பார்த்துத் திரும்பினாள். தங்கப்பழம் ஓடிப்போய் வழியை மறித்தான். "தட்டு மேல உள்ள கோவத்துல எங்கள விட்டுட்டுப் போறியேக்கா" என்று தேம்பித் தேம்பி அழுதான். அவளால் அதற்கு மேல் நடக்க முடியவில்லை.

"சரிலே, மூக்கத் தொடச்சிக்க. இன்னைக்குத் தட்டே வேண்டாம். எல்லாருக்கும் வாழையெலையப் போடுங்க. கழுவவும் வேண்டாம், காய வைக்கவும் வேண்டாம். இந்த ஒரு பந்தி ஒழுங்கா நடந்தா இருக்கேன். இல்லேன்னா முருகையா பஸ்ஸுலயே ஏறிருவேன்." பையை உள்ளே கொண்டுபோகவில்லை. வாசல் பெஞ்சிலேயே வைத்துவிட்டு, ஸ்டாண்டில் இருந்த தட்டுகளைத் துடைத்து ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, உலை வைக்கப் போனாள்.

மத்தியானம் கடை நிறைந்துவிட்டது. முருகையாவும் டிரைவரும் முதல் வரிசை, நான் அவர்கள் பக்கத்தில். மூன்று பேரும் எங்கள் முன்னால் இலை போட்டார்கள். இலை கழுவின தட்டு இல்லையே, அதனால் கை கழுவாமலே ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு இலையில்கூட ஈரம் இல்லை. மூன்று பேருக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

நாங்கள் எல்லாரும் எப்போதும் செய்வதைத்தான் செய்தோம். டம்ளரில் இருந்து தண்ணீரை எடுத்து இலையில் தெளித்துத் துடைத்தோம்.

"ஐயையோ! அண்ணாச்சி!" என்று சங்கிலி அலறினான். "என்ன காரியம் செஞ்சிட்டிய! ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் அக்கா போயிரும்!"

எங்களுக்கு விளங்குவதற்குள் மூன்று பேரும் பாய்ந்து வந்து, வரிசையாக இலைகளை உருவிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டார்கள்.

வடிவக்கா ஆவி பறக்கச் சாதச் சட்டியோடு வெளியே வந்தபோது, வெறும் மேசைக்கு முன்னால் நாங்கள் ஈரக் கையோடு உட்கார்ந்திருந்தோம். அவள் திரும்பி அடுப்பங்கரையைப் பார்த்தாள். அந்த முனையில் இருந்து இந்த முனை வரைக்கும் நீண்டு கிடந்த ஸ்டாண்டில், கம்பிக்கு ஒன்றாக, வாழையிலைகள் பச்சைப் பசேல் என்று நின்றன. தண்ணீர் மூக்கு வழியாகச் சிங்க்கில் சொட்டிக்கொண்டிருந்தது.

முருகையா மெல்லக் கேட்டார். "யக்கா, பஸ்ஸுக்கு நேரமாச்சு. நீங்களும் வாரியளா?"

இனி காலம் பூராவும் பன்னும் டீயும்தான் என்று நினைத்துக்கொண்டேன். வடிவக்கா சட்டியை மேசையில் வைத்தாள். பை இருந்த பெஞ்சுக்குப் போனாள். அதில் தொப்பென்று உட்கார்ந்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இருமல் வந்து, கண்ணில் தண்ணீர் வந்து, முந்தானையால் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள்.

"நான் எங்கடே போவேன்? நான் போயிட்டேன்னா, மழை பேஞ்சா இதுக தெருவையே தூக்கி ஸ்டாண்டுல நிறுத்திரும்" என்றாள். பையைக் காலால் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டாள். "போதும்லே, எல்லாரும் பசியோட இருக்காங்க. எலைய எடுத்துட்டு வாங்க."

ஆவுடையப்பனும் சங்கிலியும் தயங்கி நின்றார்கள். தங்கப்பழத்துக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை.

"இந்தா ஒரு நிமிசம்க்கா, காஞ்சிருச்சான்னு தொட்டுப் பாத்துட்டு எடுத்தாரேன்" என்று சொல்லிவிட்டு, கை கழுவப் போனான்.