பெருந்தேவி கிள்ளிய அவரைக்கொடி

மலையிலிருந்து இறங்கும் ஆறுகளுக்கு மனிதர் இன்னும் பெயர் சூட்டியிராத காலம் அது. கேட்க வந்தவர்கள் நிமிர்ந்து அமருங்கள். இது பொறாமையின் கதை. சாய்ந்துகொண்டு கேட்பதற்கு உரியதன்று.

வேங்கைக்குன்றம் என்னும் நாட்டை ஓர் அரசி ஆண்டுவந்தாள். அந்நாட்டில் ஐப்பசி மழை பிடித்தால் மூன்று மாதம் பச்சைக் காய்கறி கிடைக்காது. ஆகவே ஒவ்வொரு வீட்டாரும் தை மாதத்து அவரைக்காயை உப்பிட்டு வேகவைத்து, மாசி வெயிலில் உலர்த்தி, வற்றலாக்கிப் பானையில் அடைத்து வைப்பார்கள். மழை தொடங்கிய ஏழாம் நாள் அந்தப் பானையோடு அரண்மனைக்குச் சென்று, அங்கேயே குழம்பு வைத்து அரசிக்குப் பரிமாற வேண்டும். எந்த வீட்டு வற்றல் சிறந்ததோ, அந்த வீட்டுத் தோட்டத்திற்கு ஓராண்டு முழுவதும் வாய்க்காலின் முதல் தண்ணீர். கடைசி முறைக்காரருக்கு வருவது சேறு மட்டுமே.

ஏழு ஆண்டுகளாக முதல் தண்ணீர் பெருந்தேவியின் தோட்டத்திற்கே பாய்ந்தது. அவளுடைய கொழுந்தன் மனைவி தாயம்மையின் தோட்டம் மூங்கில் வேலிக்கு அந்தப் பக்கம், வாய்க்காலின் கடைசியில் இருந்தது. தாயம்மை கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து செடிகளுக்கு ஊற்றினாள். கிணற்றிலும் நீர் வற்றிக்கொண்டே வந்தது. இன்னும் ஓராண்டு வாய்க்கால் தண்ணீர் வராவிட்டால் தோட்டத்தைக் கைவிட்டு ஊரைவிட்டே போக வேண்டியதுதான் என்ற நிலை.

ஓர் ஆடியில் இருவரும் அவரை விதைத்தார்கள். ஆவணியில் மோர் விற்க வந்தவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"தேவியக்கா, உங்கள் ஓரகத்தியின் பந்தலைப் பார்த்தீர்களா? கொடி உங்களுடையதைவிட ஒரு சாண் மேலே போய்விட்டதே!"

ஒரு சாண். அவ்வளவுதான். அன்றிலிருந்து பெருந்தேவிக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளமாய்ப் பாய்ச்சிய தன் கொடியைவிட, குடத்து நீரில் வளர்ந்த கொடி உயர்ந்து நிற்பதா? தாயம்மை கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து, வேலியைத் தாண்டி, அந்தக் கொடியின் நுனிகள் அத்தனையையும் நகத்தால் கிள்ளி எறிந்தாள்.

மாலையில் தாயம்மை வேலியோரம் வந்து நின்றாள். "அக்கா, இந்தப் பக்கம் ஆடு ஏதும் வந்ததா?"

"என் வீட்டு வேலைக்கே எனக்கு நேரமில்லை. உன் கொடிக்கு நான் காவலாடி?"

"அதற்கில்லை அக்கா. இவ்வளவு நறுவிசாகக் கிள்ளுகிற ஆட்டை நான் கண்டதில்லை. அதனால் கேட்டேன்."

இனி நடந்ததைக் கேளுங்கள். நுனி இழந்த கொடி மேலே ஓடவில்லை, பக்கத்தில் வெடித்தது. ஒரு நுனி போன இடத்தில் மூன்று கிளைகள் வந்தன. புரட்டாசி முடிவதற்குள் பந்தல் முழுவதும் மூடிவிட்டது.

பெருந்தேவியின் வயிறு எரிந்தது. கார்த்திகையில் தாயம்மை உறவினர் திருமணத்திற்குச் சென்றபோது, இவள் மீண்டும் வேலி தாண்டினாள். இலைகளைக் கொத்துக் கொத்தாக உருவிப் போட்டாள். மழை விட்ட நேரமெல்லாம் இலை குறைந்த கொடியில் வெயில் இறங்கியது. கணுவுக்குக் கணு ஊதாப் பூ வைத்தது. தை மாதத்தில் காய்கள் சரம் சரமாகத் தொங்கின.

மாசியில் தாயம்மை அடுப்பில் அவரைக்காயை ஏற்றிவிட்டு, அதை உலர்த்தப் பாய் விரிக்க வெளியே போனாள். மூன்றாம் முறையாக வேலி தாண்டிய பெருந்தேவி, இரண்டு கை நிறைய உப்பை அள்ளி அந்தப் பானையில் கொட்டினாள். "இதை வாயில் வைத்தால் அரசி துப்பிவிடுவாள்" என்று மகிழ்ந்து வீடு திரும்பினாள்.

அவளுடைய சொந்தக் கொடி என்னவாயிற்று? அதைப் பார்க்க அவளுக்கு ஏது கண்? நீர் மிகுந்து இலையாகத் தழைத்து, காயைக் கஞ்சத்தனமாகவே கொடுத்தது. முற்றி நாரோடிய காயையும் பறித்துப் போட்டுத்தான் பானையை நிரப்பினாள். உலர்ந்ததா என்று தொட்டுப் பார்க்கவும் இல்லை.

அடுத்து வந்த ஐப்பசி மழை ஓயாமல் கொட்டியது. ஏழாம் நாள் அரண்மனையில் பானைகளைத் திறந்தபோது பல பானைகளில் பூசணம் படர்ந்திருந்தது. பெருந்தேவியின் பானையில் வெண்மையாகவே பூத்திருந்தது. தாயம்மையின் வற்றல் மட்டும் கையில் எடுத்தால் சலசலத்தது. அவள் ஒரு வற்றலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். உடனே அத்தனையையும் வெந்நீரில் ஊறவைத்து, உப்பு நீரை வடித்துக் கொட்டினாள். நல்லெண்ணெயில் வறுத்து, புளி கரைத்து ஊற்றி, குழம்புக்கு உப்பே இடாமல் கொதிக்கவிட்டாள்.

அரசி மூன்று முறை கேட்டு வாங்கி உண்டாள்.

"பானையில் கை வைத்து, 'இது முழுவதும் என் கைவேலை' என்று சொல், அம்மா. முதல் தண்ணீர் உனக்கு" என்றாள்.

தாயம்மை கையை நீட்டினாள், பிறகு இழுத்துக்கொண்டாள். அந்தச் சொல்லில்தான் அவளுடைய தோட்டமும் வீடும் தொங்கிக்கொண்டிருந்தன.

"என்னால் சொல்ல முடியாது, தாயே. நான் விதைத்தேன், தண்ணீர் சுமந்தேன், சமைத்தேன். ஆனால் நுனியைக் கிள்ளியது வேறு கை. இலையை உருவியது வேறு கை. பூசணம் பிடிக்காமல் உப்பைக் கொட்டியதும் வேறு கை."

"அது யாருடைய கை?"

பெருந்தேவி வாய் மூடி அமர்ந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் தாயம்மையின் கைக்குப் பரிசு போவதைப் பொறாமை பொறுக்குமா? அவள் துள்ளி எழுந்தாள்.

"என் கை! மூன்றும் நான் செய்தவை. அந்தக் குழம்பின் பெருமை என்னுடையது!"

அரசி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்ல வித்தைக்காரி. உன் கொடியில் எத்தனை நுனி கிள்ளினாய்?"

பெருந்தேவி தன் பானையை மூடினாள்.

"இலையை உருவினாயா?"

பானையைப் பின்னால் தள்ளினாள்.

"உன் பானைக்கு உப்பைக் கூட்டிப் போட்டாயா?"

தரையைப் பார்த்தாள்.

"காய்க்க வேண்டும் என்று கிள்ளினாயா, பெண்ணே? அல்லது காய்க்கக் கூடாது என்றா?"

"காய்க்கக் கூடாது என்றுதான்..." என்று அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. அவை முழுவதும் சிரித்தது. அரசி மட்டும் சிரிக்கவில்லை.

"காய்க்க வேண்டும் என்று குடம் சுமந்தவளுக்கு முதல் தண்ணீர். இவளுக்குக் கடைசி முறை."

அரண்மனை வாயிலில் தாயம்மை திரும்பி நின்றாள். அழவும் இல்லை, அணைத்துக்கொள்ளவும் இல்லை.

"அக்கா, அடுத்த ஆவணியிலும் வந்து கிள்ளிவிட்டுப் போங்கள். வேலி ஏறிக் காலை உடைத்துக்கொள்ள வேண்டாம். வாசல் வழியாகவே வரலாம்."

கேட்டவர்கள் இதை மனத்தில் இருத்துங்கள்: பிறருடைய தோட்டத்தைக் கெடுப்பதற்குச் செலவிடும் கையும் கண்ணும் பொழுதும், நம் தோட்டத்திலிருந்தே எடுத்துச் செலவிடப்படுகின்றன.