நாலு நாற்பது பஸ்

ஓட்டப் பயிற்சியாளர் லூர்துமேரியிடம் ஓடப் பழகியவர்களில் பலர் விளையாட்டு ஆசிரியர்கள் ஆனார்கள். பொற்கொடி அவர்களில் ஒருத்தி. கடலோர ஊர் ஒன்றின் அரசுப் பள்ளியில் வேலை பார்த்தாள். மாவட்டப் போட்டிக்கு ஒரு மாதம் இருந்தபோது லூர்துமேரியைத் தன் மைதானத்துக்கு அழைத்து வந்தாள்.

பயிற்சிக்கு எட்டுப் பெண்கள் நின்றார்கள். எல்லோரும் பள்ளியைச் சுற்றிய தெருக்காரர்கள்.

“மொத்தம் எத்தனை பொம்பளைப் பிள்ளைங்க படிக்கிறாங்க?” என்று லூர்துமேரி கேட்டார்.

“முந்நூறு அக்கா. பாதிக்கு மேல உப்பளத்துப் பக்கம். நாலு இருபதுக்கு மணி அடிச்சா போதும், பையைத் தூக்கிட்டு ஓடிருவாங்க. சகாயராணின்னு ஒருத்தி, எட்டாவது. நல்ல கால். பயிற்சிக்கு மூணு நாள் நிக்கல, பேரை அடிச்சுட்டேன்.”

பொற்கொடியே தொடர்ந்து கேட்டாள்.

“விருப்பமே இல்லாத பிள்ளைக்கு எப்படிக்கா விருப்பத்தை உண்டாக்குறது?”

“அவங்க எங்க ஓடுறாங்க?”

“வீட்டுக்குத்தான்.”

“பாத்திருக்கியா?”

பொற்கொடி பார்த்ததில்லை.

“நாளைக்கு நீயும் பின்னாலயே ஓடு. அந்தப் பிள்ளையைப் பிடி. பிடிச்சுட்டு வா, பதில் சொல்றேன்.”

பொற்கொடிக்குச் சிரிப்பு வந்தது. அவள் மாநிலப் போட்டியில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டருக்குப் பதக்கம் வாங்கியவள்.

மறுநாள் மணி அடித்தது. உப்பளத்துப் பெண்கள் வாசலைத் தாண்டி ஓடினார்கள். முதுகில் புத்தகப் பை, காலில் ரப்பர் செருப்பு. சிலர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்கள். பொற்கொடி ஷூவை இறுக்கிக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினாள். மீன் சந்தை வரை யாரையாவது எட்டிவிடலாம் என்று நினைத்தாள். ரயில்வே கேட்டருகே மூச்சு இரைத்தது. உப்பளத்துக்குப் பிரியும் விலக்கு ரோட்டுக்கு அவள் வந்து சேர்ந்தபோது பெண்கள் எல்லோரும் நாலு நாற்பது பஸ்ஸில் ஏறியிருந்தார்கள். பஸ் நகர்ந்துவிட்டது.

“அண்ணே, டீச்சர் வாராங்க! நிப்பாட்டுங்கண்ணே!”

ஜன்னல் வழியே கத்தியவள் சகாயராணி.

பஸ் நின்றது. பொற்கொடி ஏறினாள். சகாயராணி எழுந்து இடம் கொடுத்து, தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

“குடிங்க டீச்சர். மொத நாள் எல்லாருக்கும் இப்படித்தான் இரைக்கும்.”

பொற்கொடி குடித்தாள்.

“இதை விட்டா வேற பஸ் இல்லையா?”

“இல்ல டீச்சர். ஏழு கிலோமீட்டர் நடக்கணும். அப்பா விட மாட்டாரு.”

“இதை நீ என்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

சகாயராணி பக்கத்திலிருந்த பெண்ணைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

“சொன்னேன் டீச்சர். காரணம் சொல்றவளுக்கு மைதானத்துல வேலை இல்லன்னு சொன்னீங்க.”

அவள் குறையாகச் சொல்லவில்லை. ஏதோ விதியை நினைவுபடுத்துவது போலத்தான் சொன்னாள். பொற்கொடிக்கு அப்படிச் சொன்ன ஞாபகமே இல்லை. எத்தனை பேரிடம் சொன்னோம் என்று யோசித்தாள். காது மடல்கள் சுட்டன. அதன் பிறகு ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாகக் கிடந்த உப்புப் பாத்திகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். உப்பளத்தில் இறங்கிய பெண்கள் ஒவ்வொருவராக, “வாரோம் டீச்சர்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சகாயராணியைத் தவிர ஒருத்தியின் பெயரும் அவளுக்குத் தெரியவில்லை.

அதே பஸ் திரும்பியது. அதில் அவள் ஒருத்திதான்.

மைதானத்தில் எட்டுப் பெண்களும் ஓடிக்கொண்டிருந்தார்கள். லூர்துமேரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பொற்கொடி எதிரே போய் நின்றாள். உட்காரவில்லை.

“பிடிச்சியா?”

“இல்லக்கா. அவதான் எனக்காக பஸ்ஸை நிறுத்தினா.”

பொற்கொடி தலையைக் குனிந்துகொண்டாள்.

“நேத்து கேட்ட கேள்வியை விட்டுருங்கக்கா. அதை நான் கேட்டிருக்கவே கூடாது.”

“சரி.”

“பேரை நாளைக்கே எழுதிடுறேன். நேரத்தையும் மாத்திடுறேன்.” பொற்கொடி தலை நிமிரவில்லை. “எந்த நேரம் அவங்களுக்குத் தோதுப்படும்? காலையில வச்சா வருவாங்களா, இல்ல மத்தியானச் சாப்பாட்டு நேரத்துலயா? நீங்களே சொல்லுங்கக்கா.”

லூர்துமேரி எழுந்து அவள் எதிரே நின்றார்.

“இதையும் என்கிட்டயேதான் கேப்பியா, கொடி?”