துளை போட்ட கை

கோயமுத்தூர் கணபதியில், இரும்பைச் சீவி வெட்டுகிற வசந்தாமணியின் மில்லிங் பட்டறைக்கு ஒரு சிஷ்யர் வந்து சேர்ந்தார். சிஷ்யருக்கு வயது ஐம்பத்து மூன்று. குருவுக்கு முப்பத்தெட்டு. தெருவே சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டுமே, சிரிக்கிறவர்களா வந்து சோறு போடப் போகிறார்கள்?

சிஷ்யர் பெயர் கிட்டுச்சாமி. ஒரு பம்ப் கம்பெனியில் முப்பது வருஷம் டிரில்லிங் மிஷினில் நின்றவர். காலையில் கைப்பிடியைப் பிடித்தால் சாயங்காலம்தான் விடுவார். அழுத்து, துளை. அழுத்து, துளை. போன தைமாதம் அந்தப் பிரிவையே மூடி அனுப்பிவிட்டார்கள்.

மச்சினன் சும்மா இருப்பாரா? ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லிவைத்து, காக்கிச் சட்டைக்கு அளவும் கொடுத்துவிட்டார். வாட்ச்மேன் வேலை ஒன்றும் மட்டமில்லை. ஆனால் இரும்பைத் தொடாத நாளில் கிட்டுச்சாமிக்குச் சோறு இறங்காது. "என்னைக் கொண்டுபோய் கேட்டுல உக்கார வெச்சா செத்துப்போயிருவேன் புள்ள" என்று மனைவியிடம் வாய்விட்டே சொல்லிவிட்டார்.

ஒரே ஒரு வழி இருந்தது. மோட்டார் கம்பெனி ஒன்றின் சூப்பர்வைசர், மோட்டாரின் சுழல்தண்டான ஷாஃப்டில், சக்கரம் வழுக்காமல் பிடிக்கிற ‘கீ’ என்ற இரும்புக்கட்டை உட்காருவதற்கான நீளப் பள்ளத்தை வெட்டித்தர ஆள் தேடிக்கொண்டிருந்தார். "மூணு ஷாஃப்ட் வெட்டிக் காட்டுங்க, பாக்கலாம்" என்றார். அதற்குப் பக்கவாட்டில் வெட்டிக்கொண்டே போகிற மில்லிங் மிஷின் வேண்டும். கிட்டுச்சாமியிடம் இருந்ததோ உக்கடம் பழைய இரும்புக்கடையில் வாங்கிய ஒரு டிரில்லிங் மிஷின்.

வசந்தாமணியின் வாசலில் போய் நின்றார்.

"அம்மிணி, டிரில்லிங் மிஷினை மில்லிங் மிஷினா மாத்த முடியுங்களா?"

"முடியுங்ணா. கொண்டாங்க."

அவ்வளவுதான் பேச்சு. வசந்தாமணி அப்படித்தான். நாம் பத்து கேள்வி கேட்டால் அரை பதில் வரும். அந்த அரையை வைத்துக்கொண்டு நாம் பத்து நாள் ஓட்ட வேண்டும்.

முதல் நாள் வெட்டும் கட்டரை மாட்டி இரும்பைப் பக்கவாட்டில் தள்ளியதும், கட்டரைக் கவ்வியிருந்த சக் கழன்று தொப்பென்று விழுந்தது. கிட்டுச்சாமி இரண்டடி பின்னால் குதித்தார்.

"என்னங்க அம்மிணி இது, தலையே விழுகுது?"

"இத்தன நாளா கீழ அழுத்துனீங்க, அதுவா நின்னுச்சு. பக்கத்துல தள்ளுனா நிக்குமா?"

மேலிருந்து, கட்டரைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டில் நடுவே நீளமான போல்ட் ஒன்றை விட்டுக் கட்டரை இறுக்கிக் கட்டினார்கள். பக்கவாட்டுப் பாரம் தாங்குகிற பேரிங் போட்டார்கள். கீழே குறுக்கும் நெடுக்கும் நகர்கிற டேபிள் வைத்தார்கள். ஸ்பிண்டில் ஏறி இறங்காமல் நிற்க ஒரு பூட்டு வேண்டுமல்லவா? கனத்த போல்ட் ஒன்றை வைத்து அதையும் கிட்டுச்சாமியே செய்தார். கையில் வேலை இருந்தால் மனுஷர் ராஜா. சனிக்கிழமைக்குள் மிஷின் தயார்.

ஆனால் பள்ளம் மட்டும் சரியாக வரவே இல்லை.

நாலு மில்லி ஆழத்தில் தொடங்கும், மறுமுனைக்குப் போகும்போது கால் மில்லி கூடுதலாக இறங்கியிருக்கும். நாலு நாளில் மூன்று கட்டர் உடைந்தது. பூட்டைக் கழற்றி மாட்டினார். பெல்ட்டை மாற்றினார். டேபிளுக்கு அடியில் தகடு கொடுத்துப் பார்த்தார். பக்கத்துப் பட்டறைக்காரர் எட்டிப் பார்த்து, "கழுதைக்குச் சேணம் கட்டுனா குதிரையாயிருமா மாமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கிட்டுச்சாமிக்கு அழுகையே வந்துவிட்டது.

வெட்டத் தொடங்கி ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை. சாயங்காலம் நாலு மணிக்கு சூப்பர்வைசர் வருகிறார். கையில் இருந்தது மூன்றே ஷாஃப்ட், இனிக் கெடுக்க நாலாவது கிடையாது. போனால் காக்கிச் சட்டைதான்.

"அம்மிணி, எல்லாத்தையும் மாத்தியாச்சு. இன்னும் இதுல டிரில்லிங் எங்கீங்க ஒட்டிட்டிருக்குது?"

"பழைய துண்டு ஒண்ணுல வெட்டுங்ணா. பாக்கறேன்."

வெட்டினார். இடது கை டேபிளின் சக்கரத்தைச் சுற்றியது. வசந்தாமணி கட்டரைப் பார்க்கவில்லை, பள்ளத்தையும் பார்க்கவில்லை. கிட்டுச்சாமியின் வலது கையைப் பார்த்தார். அது துளை போட ஸ்பிண்டிலை இறக்குகிற பழைய கைப்பிடியின் மேல் இருந்தது. அவர் வைத்ததல்ல, அதுவாகப் போய் உட்கார்ந்துகொண்டது. சத்தம் கூடக்கூட லேசாக, ரொம்ப லேசாக அழுத்தியது. பூட்டு கட்டரைத் தாங்கும். கிட்டுச்சாமியைத் தாங்குமா?

வசந்தாமணி எழுந்து போய் எதிர்க்கடையில் ஒரு கிளாஸ் டீ வாங்கி வந்தார். தளும்பத் தளும்ப, ஆவி பறக்க.

"வலது கையில பிடிங்க."

"இப்பவா? ஏனுங்க அம்மிணி, நாலு மணிக்கு ஆள் வர்றாருங்க!"

"ஆழத்தை வெச்சுப் பூட்டுங்க. அப்பறம் கிளாஸை எடுத்துட்டு வெட்டுங்க. ஒரு சொட்டு சிந்தக் கூடாது."

குரு சொன்னால் சொன்னதுதான். முதல் ஷாஃப்டை மாட்டினார். அரை மில்லி இறக்கி, பூட்டி, கிளாஸை எடுத்தார். கட்டர் இரும்பைத் தொட்டதும் சத்தம் ஏறியது. வலது கை துடித்தது. சுடச்சுட டீ பெருவிரலில் வழிந்தது.

"ஆ!"

கிட்டுச்சாமி திரும்பித் தன் கையைப் பார்த்தார். அது பாதி வழியில், கைப்பிடியை நோக்கி நீண்டிருந்தது. அட கெரகமே, நீதானா!

மெல்லக் கையை நெஞ்சோடு இழுத்துக்கொண்டார். இடது கை மட்டும் சக்கரத்தைச் சுற்றியது. மிஷின் தன்பாட்டுக்கு வெட்டியது. மறுபடி அரை மில்லி, மறுபடி கிளாஸ். எட்டு முறை ஓடியது. இரண்டாவது ஷாஃப்டில் பெருவிரல் நனையவில்லை. மூன்றாவதில் கிளாஸை ஜன்னலோரம் வைத்துவிட்டார். வலது கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, கோயில் தேரை ஓட்டுகிறவர் மாதிரி நின்றார். முகத்தில் அப்படியொரு களை.

நாலரைக்கு சூப்பர்வைசர் வந்தார். பையிலிருந்து கீயை எடுத்து முதல் ஷாஃப்டில் வைத்துக் கட்டைவிரலால் அமுக்கினார். உட்கார்ந்தது. இரண்டாவது, மூன்றாவது. ஆழமானியை வைத்து இரண்டு முனையிலும் அளந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை அளந்தார்.

"திங்கக்கிழமை நூறு ஷாஃப்ட் அனுப்பறேனுங்க. எந்த மிஷின்ல வெட்டுனீங்க?"

கிட்டுச்சாமி கை காட்டினார்.

"அட, இது டிரில்லிங் மிஷினாச்சே! எப்பங்க மில்லிங் மிஷின் ஆச்சு?"

"இன்னைக்குத்தானுங்க" என்றார் கிட்டுச்சாமி, வாயெல்லாம் பல்லாக.

வசந்தாமணி தன் மிஷினிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"மிஷின் போன வாரமே ஆயிருச்சுங்ணா."