காய்ச்சல் கள்வனைப் பிடித்த மந்திரி

கொட்டும் பனியும் கொழுத்த நெல்லுமாக ஒரு காலத்தில் தும்பைநாடு என்றொரு நாடு இருந்தது. அதை ஆண்டவன் தடந்தோள்வர்மன். நல்லவன்தான், ஆனால் நினைத்தால் சிரிப்பான், நினைத்தால் சிறையில் போடுவான். அவனுக்கு மந்திரி நப்பின்னை என்றொரு அம்மையார்.

அந்த மார்கழியில் அரண்மனைக்குள் சளிக்காய்ச்சல் புகுந்தது. யானைப்பாகன் படுத்தான், முரசறைகிறவன் படுத்தான், கடைசியில் தலைமைச் சமையற்காரனும் போர்வைக்குள் போய்விட்டான். மூன்று வேளையும் உப்பில்லாத சாப்பாடு வந்ததும் மன்னனுக்கு மூக்கு நுனியில் கோபம் ஏறியது.

"தும்பை நாடா இது, தும்மல் நாடா? இந்தக் காய்ச்சலைக் கொண்டுவந்த கள்வன் எவன்? பிடித்துக் கட்டி இழுத்து வாருங்கள்!"

சேனாதிபதி மல்லையன் மீசையை முறுக்கிக்கொண்டு எழுந்தான். மந்திரியின் முத்திரை மோதிரத்தின்மேல் அவனுக்கு நெடுநாளாக ஒரு கண்.

"அரசே, இதெல்லாம் கோழைகளுக்கு வரும் நோய். வீரனை அண்டுமா? கள்வனை நம் மந்திரியம்மா பிடிக்கட்டும். நாளைச் சபை கலைவதற்குள் பிடிக்காவிட்டால் அந்த மோதிரம்..." சொல்லி முடிக்குமுன் அவனுக்கு மூக்கில் நீர் வந்தது. உள்ளங்கையால் துடைத்துக்கொண்டான்.

"சேனாதிபதிக்கு உடம்பு சரியில்லையோ?" என்றாள் நப்பின்னை.

"தூசி!" என்றான் மல்லையன்.

"அப்படியே ஆகட்டும் மந்திரியாரே, நாளைக்குள் பிடியுங்கள்!" என்றான் மன்னன்.

நப்பின்னைக்கு மோதிரத்தைப் பற்றிக் கவலையில்லை. அரசி செண்பகவல்லிக்கு அது நிறைமாதம். பச்சைக்குழந்தை, பிள்ளைத்தாய்ச்சி, வயதானவர்கள் என்று பார்த்துத்தான் இந்தக் காய்ச்சல் ஓங்கி அடிக்கும்.

மறுநாள் சபை கூடியது. நப்பின்னை ஒரு மஞ்சள் பட்டுக் கைக்குட்டையைத் தட்டில் வைத்து மல்லையனிடம் நீட்டினாள்.

"உங்கள் வீரத்துக்குச் சிறு காணிக்கை. தூசி அதிகமாக இருக்கிறதே!"

மல்லையன் பூரித்துப்போனான். அதிலேயே தும்மினான், சிந்தினான், துடைத்தான். பிறகு அதே கையால் மன்னனுக்குப் பாக்கு எடுத்துக் கொடுத்தான். இருவரும் சொக்கட்டான் ஆடினார்கள். காய் இவன் கையிலிருந்து அவன் கைக்குப் போனது. யோசிக்கும்போது மூக்கைத் தேய்ப்பது மன்னனின் பழக்கம். ஆட்டத்தில் ஜெயித்த குஷியில் பக்கத்திலிருந்த புலவரின் கன்னத்தையும் தட்டினான்.

"சரி, சபை கலையலாம். நான் அரசியைப் பார்த்து, அவள் கையைப் பிடித்து நாலு வார்த்தை பேசிவிட்டு வருகிறேன். மந்திரியாரே, கள்வன் எங்கே?"

நப்பின்னை அந்தப்புர வாசலை மறித்து நின்றாள். "கள்வன் இப்போது உள்ளே போகப் பார்க்கிறான் அரசே. விடமாட்டேன்."

"என்ன திமிர்!" என்று மல்லையன் கத்தினான். "மன்னரைக் கள்வன் என்கிறாள்!"

"ஒரு கணம் பொறுங்கள்." அவள் கைதட்டினாள். தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரில் நனைத்த துணிகளைப் பணிப்பெண்கள் கொண்டுவந்தார்கள். "எல்லோரும் கையைத் துடையுங்கள். அரசே, நீங்கள் மூக்கையும் லேசாக."

மல்லையனின் துணி இரத்தமாகச் சிவந்தது. மன்னன் துணியும் சிவப்பு. புலவர் கன்னத்தைத் துடைத்தார், அங்கேயும் சிவப்பு.

"பயப்படாதீர்கள், ஆரத்தித் தண்ணீர் சிவக்கிற அதே கதைதான்" என்று சிரித்தாள் நப்பின்னை. "கைக்குட்டை முழுக்க மஞ்சள் தூள். பட்டும் மஞ்சள், பொடியும் மஞ்சள், யார் கண்ணுக்கும் தெரியவில்லை. சளிக்காய்ச்சலும் இப்படித்தான். தும்மலிலும் இருமலிலும் காற்றோடு பறக்கும், கையில் ஏறிச் சவாரி செய்யும், மூக்கு வாய் வழியாக உள்ளே நுழையும். அந்தக் கையோடுதான் அரசியைத் தொடப் போனீர்கள்."

மன்னன் தன் சிவந்த விரல்களைப் பார்த்தான். முகம் வெளுத்தது. அடுத்த நொடி உறைவாளில் கை போனது. "மல்லையா! காய்ச்சலை வைத்துக்கொண்டா என் எதிரே உட்கார்ந்தாய்?"

மல்லையன் தடாலென்று விழுந்தான். "நாலு நாளாய் உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலி அரசே. படுத்தால் கோழை என்பார்களே என்று..."

"அவரை வெட்டவேண்டாம்" என்றாள் நப்பின்னை. "அவர் கள்வன் இல்லை, கள்வன் ஏறிவந்த பல்லக்கு. இந்தக் காய்ச்சலை வாளால் வெட்ட முடியாது, உடம்புதான் சண்டைபோட்டு ஜெயிக்கவேண்டும். தனி அறையில் படுக்கட்டும், கஞ்சியும் வெந்நீருமாக நிறையக் குடிக்கட்டும். மூச்சு முட்டினாலோ, விட்ட காய்ச்சல் திரும்ப ஏறினாலோ உடனே வைத்தியரைக் கூப்பிடவேண்டும்."

மன்னன் யோசித்தான், சிரித்தான். "மல்லையா, உனக்குத் தண்டனை கட்டில்! குணமானதும் கோட்டை வாசலில் நில். இருமுகிறவனை வீட்டுக்கு அனுப்பு, உள்ளே வருகிறவனைக் கை கழுவ வை. மோதிரம் மந்திரியார் விரலிலேயே இருக்கட்டும்."

ஆனால் கள்வன் ஏற்கெனவே மன்னனுக்குள் புகுந்திருந்தான். இரண்டாம் நாள் அவனுக்கும் குளிர் உதறியது. தானே எழுந்து தோட்டத்து மாளிகைக்குப் போய்ப் படுத்துக்கொண்டான். அங்கே இருக்கும்போதுதான் அரசிக்குப் பெண் பிறந்தது.

தாயும் சேயும் சுகம். எதிர்மாடத்தில் நின்று நப்பின்னை குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். மன்னன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். கண் கலங்கியது.

"என்னைப் பார்த்தாளா?"

"பார்த்தாள் அரசே. கொட்டாவி விட்டாள்!"

மன்னன் ஆனந்தத்தில் கழுத்து முத்துமாலையைக் கழற்றினான். "என் வீட்டைக் காத்தவளே, இந்தா பிடி!"

நப்பின்னை குழந்தையோடு இரண்டடி பின்னால் குதித்தாள். "ஐயோ, வீசாதீர்கள்! காய்ச்சல் விட்டதும் கழுவிக் கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன்!"

மன்னனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிப்பு இருமலானது. தும்பைநாட்டு வேந்தன் சட்டென்று முகத்தைத் திருப்பி, மேலாடையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினான்.