புளியங்காட்டுக் கட்டையும் ஓலைநாயகமும்

ஆடி மாதம் பன்னிரண்டாம் நாள், பொழுது விடிந்து ஐந்து நாழிகை. மேல்காற்று கொடிக்கம்பத்தை உலுக்கிக்கொண்டிருந்தது. வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை. வெள்ளாற்றூர் அரசவையில் வெற்றிலையை மடித்து வாயருகே கொண்டுபோன விகடகவி கூத்தபிரான், வாசலில் எழுந்த அழுகுரலைக் கேட்டு அதை அப்படியே மடியில் செருகிக்கொண்டார். மன்னர் மருதவேளின் அவைக்கு எந்தச் சிக்கல் வந்தாலும் அது கடைசியில் தம் தலையில்தான் வந்து விடியும் என்பது அவருக்குத் தெரியும்.

வந்தவள் செம்பாயி. அரண்மனை மண்டபத்துக்காக மாசி மாதம் புளியங்காட்டில் அறுபது புளியமரங்களை வெட்டியபோது, சாய்ந்த மரம் ஒன்று அவள் கணவனின் உயிரைக் குடித்தது. மனம் நொந்த மன்னர் அந்த நிலத்தை அவளுக்கே அளித்தார். ஒரே நிபந்தனை, ஆடி முடிவதற்குள் அடிக்கட்டைகள் அத்தனையும் அகல வேண்டும். தவறினால் நிலம் வேறொருவருக்குப் போகும்.

"சாமி, கட்டையைக் கொளுத்தப் போனேன். ஓலைநாயகம் ஐயா ஆள் விட்டுத் தடுத்துட்டாரு," என்றாள் செம்பாயி. "வெயில்ல நல்லாக் காஞ்சு கெடக்கு. மழை விழுந்துட்டா அப்புறம் தீ பத்தாது. புளியங்கட்டையக் கோடாலியால பேர்க்கிறது நடக்கிற காரியமா? மூணு புள்ளைங்கள வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

மன்னர் புருவத்தை நெரித்தார். அரச ஆணைகளை எழுதவும் படிக்கவும் பொறுப்பானவர் ஓலைநாயகம் விடங்கர். அவர் சாவதானமாக எழுந்து ஓர் ஓலையை நீட்டினார்.

"அரசே, கட்டைகளை 'ஏரியிட்டு அகற்றுக' என்பது ஆணை. இவள் ஏரி வெட்டவில்லை. தீ வைக்கப் போனாள்."

"ஏரியா? நான் எரி என்றல்லவா சொன்னேன்? தீயிட்டு அகற்றச் சொன்னேன்!"

"தாங்கள் சொன்னது காற்றோடு போயிற்று, அரசே. முத்திரை விழுந்த ஓலைதான் நிற்கும். அதை ஓலைநாயகம் எப்படிப் படிக்கிறாரோ அதுவே பொருள். தங்கள் பாட்டனார் ஏற்படுத்திய மரபு."

அந்நாளில் எகர ஒகரக் குறிலைக் காட்டுவது ஒரு புள்ளி; ஓலையில் அதை வைப்பதில்லை. வைத்தால் ஏடு கிழியும். அதனால் எகரமும் ஏகாரமும் ஒன்றுபோலவே இருக்கும்; ஒகரமும் ஓகாரமும் அப்படித்தான். எரி என்றாலும் ஏரி என்றாலும் எழுத்து ஒன்றே. படிப்பவர் இடமறிந்து படித்துக்கொள்ள வேண்டும். விடங்கரோ தம் மைத்துனருக்கு நிலம் தேடிக்கொண்டிருந்தவர். அதற்கு ஏற்ற இடமாக அறிந்துகொண்டார்.

கூத்தபிரான் எழுந்தார். "ஓலைநாயகம் சொல்வது முற்றிலும் சரி, அரசே."

செம்பாயிக்குத் தூக்கிவாரிப் போட்டது. விடங்கருக்கே சற்றுத் திகைப்புத்தான்.

"அம்மா, ஏரியென்றால் ஏரிதான். நீ வெட்டத்தான் வேண்டும். விடங்கரே, ஓலையில் ஒரு வரி மிச்சமிருக்கிறதே, அதையும் படித்துவிடுங்கள்."

"அது ஒன்றுமில்லை. வரப்பில் நடுவதற்கு அரண்மனை தரும் பனங்கொட்டை பற்றியது. 'இவளுக்கு ஓலைநாயகம் நூறு கொட்டை கொடுக்க.' நேற்றே மூட்டை கட்டிவிட்டேன்."

"பனை என்று எழுதியிருக்கிறதா?"

"ஏட்டில் இடமில்லை. விட்டுவிட்டேன்."

கூத்தபிரான் ஓலையை வாங்கிக் கண்ணருகே பிடித்தார். பிறகு எட்டப் பிடித்தார். "எரி ஏரியாகும் ஓலையில் கொட்டை மட்டும் எப்படிக் கொட்டையாகவே நிற்கும்? நெடிலாகப் படிக்கத் தொடங்கினால் கடைசிவரை நெடில்தானே முறை? 'இவளுக்கு ஓலைநாயகம் நூறு கோட்டை கொடுக்க.' அகழி, மதில், கொத்தளம் எல்லாம் சேர்த்துத்தானே, அரசே?"

மன்னரின் மீசை துடித்தது. "கோட்டை என்றால் கொத்தளம் இல்லாமலா?"

"ஆடி முடிய இருபது நாள் இருக்கிறது. நாளொன்றுக்கு ஐந்து கோட்டை. விடங்கரே, இன்றைய ஐந்தை எந்தப் பக்கம் தொடங்கப் போகிறீர்கள்?"

அவை குலுங்கியது. விடங்கர் ஓலையை எட்டிப் பார்த்தார். "அது... இன்னொரு முறை பார்த்தால்... எரி என்றும் படிக்கலாம் போலிருக்கிறது."

"போலிருக்கிறதா?"

"எரிதான்! கொட்டைதான்!"

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கூத்தபிரானே, என்ன பரிசு வேண்டும்?"

"எதுவானாலும் வாயால் சொல்லிவிடுங்கள், அரசே. ஓலையில் மட்டும் வேண்டாம்."

மன்னர் தம் பட்டுச் சால்வையை அவர் தோளில் போட்டார். பிறகு விடங்கரிடம், "நீர் மூன்று நாள் புளியங்காட்டு அம்மன் கோயிலில் தொண்டு செய்யும். அதுவரை ஓலைநாயகம் கூத்தபிரான்," என்றார். கூத்தபிரான் அங்கேயே ஓலை எழுதி முத்திரையிட்டார்.

மறுநாள் காலை மன்னர் எழுத்தர்களை அழைத்து, இனி எந்த ஓலையையும் முத்திரைக்கு முன் தமக்கு உரக்கப் படித்துக்காட்டச் சொன்னார். செம்பாயி விடியுமுன்பே நிலத்துக்குப் போய், கிழக்கோரக் கட்டையின் பொந்தில் சருகையும் வறட்டியையும் திணித்துத் தீ வைத்தாள். மேல்காற்று ஊத, கட்டை கனன்று பிடித்துக்கொண்டது. கூத்தபிரான் இன்னொரு கட்டையின் மேல் சால்வையை விரித்து உட்கார்ந்து, முதல் நாள் மடியில் செருகிய வெற்றிலையை ஒருவழியாக வாயில் போட்டார்.

பக்கத்து அம்மன் கோயிலுக்குப் போக விடங்கர் பூக்கூடையோடு அவ்வழியே வந்தார். செம்பாயி அவர் கையில் ஒரு மண்வெட்டியைக் கொடுத்தாள்.

"இது எதற்கு?"

"கட்டையச் சுத்திப் பள்ளம் பறிச்சாத்தான் வேர் வரைக்கும் தீ எறங்கும், ஐயா."

"அதற்கு நானா ஆள்? எனக்கு விதித்தது தொண்டு! பூத்தொண்டு!"

கூத்தபிரான் ஓலையை நிதானமாகப் பிரித்தார். "பூ என்று எழுத ஏட்டில் இடமில்லை, விடங்கரே. இருப்பது இவ்வளவுதான்: 'விடங்கரே, புளியங்காட்டில் மூன்று நாள் தோண்டு.'"

"அது தொண்டு ஐயா, தொண்டு!"

"இருக்கலாம். ஆனால் இன்றைக்கு ஓலைநாயகம் நானல்லவா?"

விடங்கர் பூக்கூடையைக் கீழே வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டினார்.