ஒன்றுமில்லாததின் பருமன்

கோயமுத்தூர் லேத் பட்டறை ஒன்றில் கடைந்த ஷாஃப்டு எனும் இரும்புத் தண்டுகளுக்கு அளவு பார்ப்பவள் செங்கமலம். சரக்கெடுக்க வந்த கம்பெனி ஆய்வாளர் தம் மைக்ரோமீட்டரால் நாலைந்தை அளந்துவிட்டு முகம் சுளித்தார்.

"எல்லாமே அஞ்சு கோடு பருமன் அதிகம். முந்நூறையும் காயலாங்கடைக்குப் போடுங்க!"

முதலாளி பொன்னுரங்கத்துக்கு நாக்கு வறண்டது. இருபது நாள் உழைப்பு.

"நான் பார்த்தப்ப சரியா இருந்துச்சுங்க சார்," என்றாள் செங்கமலம்.

"என் கருவி ஜெர்மனிச் சரக்கும்மா. பொய் சொல்லுமா?"

"சொல்லாதுங்க. அப்படியே ஒண்ணுமே வைக்காம கருவியோட வாயை மூடி, அந்த ஒண்ணுமில்லாததையும் ஒருக்கா அளந்து சொல்லிருங்க."

ஆய்வாளர் சிரித்துக்கொண்டே மூடினார். பூஜ்யத்தில் நிற்கவேண்டிய கருவி ஐந்தாம் கோட்டில் நின்றது.

"ஒண்ணுமில்லாததே அஞ்சு கோடு பருமனா இருக்குதுங்களே சார்! அதைக் கழிச்சுட்டா எங்க சரக்கு சரிதானுங்களே?"

ஆய்வாளர் சரக்கை ஏற்றுக் கையெழுத்துப் போட்டார். பொன்னுரங்கம் அப்பாடாவென்று ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.