அழுங்கு விழுங்கிய உண்மை

கருவேலங்காட்டு ஏரிக்கரையில் ஒரு நாரை வைத்தியசாலை நடத்தி வந்தது. அதன் பெயர் நெடுங்காலி. காட்டில் திரும்பிய பக்கமெல்லாம் முள். யார் காலில் முள் தைத்தாலும் நேரே நெடுங்காலியிடம்தான் வருவார்கள். நீண்ட அலகால் ஒரே இழுப்பு! முள் வெளியே வந்துவிடும்.

உதவிக்கு ஒரு மீன்கொத்தி இருந்தது. பெயர் நீலமணி. பிள்ளை குட்டி பெற்று வளர்த்த மீன்கொத்தி. மரத்து உச்சியில் இருந்தபடியே தண்ணீருக்குள் ஓடும் கெண்டைக் குஞ்சைப் பார்த்துவிடும். அப்படிப்பட்ட கண்! ஆனாலும் நெடுங்காலி அதை ஒரு முள்ளைக்கூடத் தொட விட்டதில்லை. பச்சிலை அரைப்பதும் வரிசையைப் பார்த்துக்கொள்வதும்தான் அதன் வேலை.

வாரம் ஒரு நாள் அங்கே ஓர் அழுங்கு வரும். உடம்பெல்லாம் செதில் இருக்குமே, பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளுமே, அந்த எறும்புத்தின்னிதான். பெயர் செதிலப்பன். தேன் வைத்தியம் பார்க்கும் கரடி, பல் பிடுங்கும் மரங்கொத்தி, காயத்துக்குக் கட்டுப்போடும் சிலந்தி, எல்லாருக்கும் அது தொழில் ஆலோசனை சொல்லும். வைத்தியர்களுக்கே வைத்தியம் பார்க்கிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

செதிலப்பனுக்குச் சொந்தம் என்று யாரும் இல்லை. வேலை முடிந்ததும் எல்லாரும் அதை அனுப்பிவிடுவார்கள். நெடுங்காலி மட்டும், "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்கும். அந்த ஒரு கேள்விக்காகவே அழுங்கு வாரம் முழுவதும் காத்திருக்கும்.

ஒரு நாள் வழியில் ஓர் எருமை நொண்டிக்கொண்டு வந்தது.

"என்னம்மா ஆச்சு?" என்றது அழுங்கு.

"நாலு நாளைக்கு முன்னாடி நெடுங்காலி அம்மாகிட்ட முள் எடுத்துக்கிட்டேன். பாதிதான் வெளியே வந்திருக்கு. நுனி உள்ளேயே நிக்குது. பாரு, எப்படி வீங்கிக் கிடக்கு!"

"அவங்ககிட்டயே சொல்றதுதானே?"

"எப்படிச் சொல்றது? அந்த அம்மாவுக்குக் கண்ணு மங்கிப்போச்சு. நான் கன்னுக்குட்டியா இருந்தப்போலேருந்து வைத்தியம் பார்த்தவங்க. எனக்கு வாய் வரலை. நீதானே ஆலோசகர்? நீ சொல்லு!"

அழுங்கு ஏரிக்கரைக்கு ஓடியது.

"அக்கா, உங்க கண்ணு..." என்று ஆரம்பித்தது.

"என் கண்ணுக்கு என்ன?" நெடுங்காலி கழுத்தை நீட்டிக் கேட்டது.

அவ்வளவுதான்! அழுங்கு பந்தாகச் சுருண்டுகொண்டது. உள்ளே ஒரே இருட்டு. தன் மூச்சுச் சத்தம் மட்டும் தனக்குக் கேட்டது. 'சொன்னால் அக்கா கோபித்துக்கொள்வாள். அப்புறம் எனக்கு யார் இருக்கிறார்கள்?' என்று நினைத்தது. மெல்ல வெளியே தலையை நீட்டியது.

"ஒண்ணுமில்ல அக்கா! கண்ணு கொஞ்சம் சிவந்திருக்கு. நல்லா தூங்குங்க. மத்தபடி எல்லாம் பிரமாதம்!"

வரிசை குறைய ஆரம்பித்தது. பன்றிக் கூட்டம் வருவதை நிறுத்தியது. நரி வரவில்லை. முயலோ நெடுங்காலியைத் தூரத்தில் பார்த்ததுமே புதருக்குள் ஒதுங்கிக்கொண்டது. யாரும் காரணம் சொல்லவில்லை. வைத்தியசாலை வாசலில் புல் முளைத்துவிட்டது.

"ஏன்ப்பா, நான் யாரையாவது ஏதாவது தப்பா பேசிட்டேனா?" என்று நெடுங்காலி கேட்டது. "ஒருத்தர்கூட வரலையே!"

"மழைக்காலம் அக்கா! மண்ணு இளகிக் கிடக்கு. யாருக்கும் முள் தைக்கிறதில்லை."

முள்ளுக்கு ஏது மழைக்காலம், வெயில்காலம்! வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தது அழுங்கு. வாரம் ஒரு நாள் வந்தது, இப்போது தினமும் வந்தது. நெடுங்காலியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. அதுவே பெரிய உதவி என்று நினைத்துக்கொண்டது. இப்படியே ஆறு மாதம் போயிற்று.

ஒரு காலை, பக்கத்துக் காட்டிலிருந்து ஒரு மான் தன் குட்டியோடு ஓடி வந்தது. அதற்கு இங்கே நடந்தது எதுவும் தெரியாது.

"அம்மா, கொஞ்சம் பாருங்க! குட்டிக்குக் கண்ணோரத்துல முள் ஏறிடுச்சு!"

நெடுங்காலிக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். எத்தனை நாளைக்குப் பிறகு ஒருத்தர் தேடி வந்திருக்கிறார்!

"வாம்மா வா! ஒரே இழுப்புதான். பயப்படாதே கண்ணு!"

அலகை நீட்டியது. அலகு முள்ளை நோக்கிப் போகவில்லை. நேரே கருவிழியை நோக்கிப் போனது. நீலமணி பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டது.

அழுங்கின் முதுகு தானாக வளைய ஆரம்பித்தது. சுருண்டுகொண்டால் எதையும் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் குட்டிக்குச் செதில் இல்லையே! அழுங்கு பாய்ந்து நடுவில் போய் நின்றது.

"நிறுத்துங்க அக்கா! உங்களுக்குக் கண்ணு தெரியலை!"

மான் வெடுக்கென்று குட்டியை இழுத்துக்கொண்டது.

"என்ன சொன்னே?" என்றது நெடுங்காலி.

"கண்ணு தெரியலை அக்கா. எருமை கால்ல பாதி முள்ளை விட்டுட்டீங்க. பன்றிக்கு நல்ல தோலைக் கிழிச்சிட்டீங்க. அதனாலதான் யாரும் வர்றதில்லை. இந்த முள்ளை நீலமணி எடுக்கட்டும்!"

அழுங்கின் முதுகு மறுபடியும் வளையப் பார்த்தது. ஆனாலும் முழுசாகச் சொல்லி முடித்துவிட்டது.

நெடுங்காலி குனிந்து மான் குட்டியின் முகத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தது. முள் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியவில்லை. அலகை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது.

"நீலமணி, நீ எடு" என்றது.

நீலமணி சட்டென்று முள்ளைப் பிடுங்கிப் போட்டது. ஒரு துளி ரத்தம். அவ்வளவுதான்! குட்டி கண்ணை நன்றாகத் திறந்து அம்மாவைப் பார்த்தது.

நெடுங்காலி யாரையும் பார்க்காமல் தண்ணீருக்குள் இறங்கி நடந்தது.

"செதிலப்பா, நீ போ. இனிமே இந்தப் பக்கம் வராதே!" என்றது.

அழுங்கு தன் வளைக்குத் திரும்பியது. மற்ற வைத்தியர்களிடம் போகவும் மனமில்லை. எறும்புச் சாரை மூக்குக்கு முன்னாலேயே போனது. தின்னப் பிடிக்கவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கவும் ஆள் இல்லை. 'உண்மையைச் சொன்னதற்கு இதுதான் கூலியா?' என்று நினைத்து அழுதது. வளை வாசலில் எட்டு நாள் தனியாகவே கிடந்தது.

ஒன்பதாம் நாள் மத்தியானம் நெடுங்காலி பறந்து வந்து எதிரில் இறங்கியது.

"என் கண்ணு மங்கினது உனக்கு எப்போலேருந்து தெரியும்?" என்று கேட்டது.

"ஆறு மாசமா அக்கா."

"ஆறு மாசம்!" நெடுங்காலி ஓரடி முன்னால் வந்தது. "அன்னைக்கு நீ சொன்னதுல எனக்குக் கோபம் இல்லைப்பா. எல்லார் முன்னாடியும் சொன்னதைக்கூடப் பொறுத்துக்குவேன். ஆறு மாசம் சொல்லாம இருந்தியே! யாருக்கும் என்னைப் பிடிக்கலைன்னு நினைச்சேன். என்ன பாவம் பண்ணினேனோன்னு தினம் அழுதேன். நீ பக்கத்துலயே உட்கார்ந்திருந்தே. காரணம் உனக்குத் தெரியும். அந்த எருமை இன்னும் நொண்டுது, போய்ப் பாரு!"

"சொன்னா உங்களை இழந்துடுவேனோன்னு பயந்துட்டேன் அக்கா."

"நீ உனக்காகப் பயந்தே. நான் தனியாக் கிடந்தேனே!"

அழுங்கு தலையைக் குனிந்துகொண்டது.

"இப்போ நீலமணிதான் முள் எடுக்குது" என்றது நெடுங்காலி. "எங்கே வலிக்குது, எப்போ தைச்சதுன்னு நான் கேட்டுச் சொல்றேன். பன்றிக் கூட்டம் நேத்து வந்துச்சு. நான் வந்தது அதைச் சொல்ல இல்லை. இன்னும் என்னென்ன சொல்லாம வச்சிருக்கே? எல்லாத்தையும் சொல்லு!"

"நிஜமாவா அக்கா? வருத்தப்படுவீங்களே!"

"படுவேன். நீ சொல்லு!"

அழுங்கு சொல்ல ஆரம்பித்தது. மூன்று வருஷமாக நீலமணியைப் பச்சிலை மட்டும் அரைக்க வைத்தது, அது வேலையை விட்டுப் போகவே முடிவு செய்திருந்தது, வலியில் அழுகிற குட்டிகளை நெடுங்காலி அதட்டுவது, ஒன்றையும் விடவில்லை. நெடுங்காலி நடுவில் இரண்டு முறை முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆனாலும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

ஒருவரின் தொழிலுக்குத் துணையாக நிற்பவருக்கு முதலில் வேண்டியது தைரியம். கூடவே உட்கார்ந்திருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லாதவர் அவரைத் தனியாக விட்டுப் போனவரே.